வார்டு ரெஜிஸ்டரில் நேரத்தையும் எழுதுங்கள்: வாசகர் கேள்வி பதில்

"வசதி குறைந்த மருத்துவமனையில் சிகிச்சையின் தரத்தை அளக்க முடியுமா?" என்று போன இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். முடியும், தனியாக எழுதுகிறேன் என்று சுருக்கமாக முடித்திருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வார்டிலும் லேபர் ரூமிலும் ரெக்கார்டு ரூமிலும் வேலை பார்க்கிறவர்கள் எழுதியவை. பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் யாருக்குமே போடவில்லை. நான் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து நர்சிங் சூப்பரின்டெண்டென்டாக ஓய்வுபெற்றவள். அதனால் என் பதில்கள் கட்டில் பக்கம் நின்று சொல்லும் பதில்களாகத்தான் இருக்கும்.

கேள்வி: மேடம், 30 படுக்கை உள்ள ஒரு மருத்துவமனையின் பொறுப்பு மருத்துவர் நான். ஆய்வுக் குழு வந்து கட்டில் எத்தனை, கருவி எத்தனை, ஜெனரேட்டர் ஓடுகிறதா என்று பார்த்து நல்ல மதிப்பெண் போட்டுவிட்டுப் போனது. அதே மாதம் நிமோனியாவோடு வந்த இரண்டு குழந்தைகளை இழந்தோம். அப்படியென்றால் அந்த மதிப்பெண் எதைத்தான் அளந்தது?

பதில்: உங்களிடம் என்னென்ன இருக்கிறது என்பதை அளந்தது, டாக்டர். அந்தக் குழந்தைகளுக்கு என்ன நடந்தது என்பதை அளக்கவில்லை.

1966-ல் அவேதிஸ் டொனபேடியன் என்ற மருத்துவர் சிகிச்சையின் தரத்தை மூன்றாகப் பிரித்துக் காட்டினார். கட்டடம், ஆள், கருவி எல்லாம் சேர்ந்தது கட்டமைப்பு. நோயாளிக்கு உண்மையில் செய்தது செயல்முறை. கடைசியில் அவர் என்ன ஆனார் என்பது விளைவு. இன்றும் பல ஆய்வுப் படிவங்கள் முதல் பிரிவைத் தாண்டுவதில்லை. கட்டிலை எண்ணுவது சுலபம். நள்ளிரவில் வந்த குழந்தையை யார், எத்தனை மணிக்குத் தொட்டுப் பார்த்தார் என்று கண்டுபிடிக்க மெனக்கெட வேண்டும். வசதி இருந்தால் சிகிச்சையும் நன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. 8 நாடுகளில் சுமார் 4,300 மருத்துவ நிலையங்களை வைத்து 2017-ல் வந்த ஓர் ஆய்வில், அங்கிருந்த வசதிக்கும் நேரில் பார்த்த சிகிச்சையின் தரத்துக்கும் இடையே தொடர்பு மிகவும் பலவீனமாகத்தான் இருந்தது.

காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் மெஷின், உங்கள் ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டரையே எடுத்துக்கொள்வோம். படிவத்தில் 'உள்ளது' என்று டிக் விழுந்திருக்கும். நீங்கள் அதன் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். ஒயர் கட்டில் வரைக்கும் எட்டுகிறதா? குழந்தைக்கான மூக்குக் குழாய் அந்த வார்டு அலமாரியிலேயே இருக்கிறதா, அல்லது பெரியவர்களுக்கு உள்ளதை பிளாஸ்திரி போட்டு ஒட்டிச் சமாளிக்கிறார்களா? குழாயின் முனையைத் தண்ணீரில் வைத்தால் குமிழி வருகிறதா? குமிழி வந்தாலும் முடிந்துவிடவில்லை. உள்ளே காற்றின் நைட்ரஜனைப் பிடித்துவைக்கும் சியோலைட் என்ற பொருள் கெட்டுப்போயிருந்தால் மெஷின் அதே சத்தத்தோடு ஓடும், காற்றும் வரும், ஆனால் அதில் ஆக்ஸிஜன் குறைவாக இருக்கும். ஆக்ஸிஜனை அளக்கும் அனலைசர் வைத்துப் பார்த்து 82 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அந்த மெஷினை ஓரம் கட்ட வேண்டியதுதான். இவ்வளவும் சரியாக இருந்து ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் மட்டும் பூட்டிய அலமாரிக்குள் இருந்தால், எந்தக் குழந்தைக்கு ஆக்ஸிஜன் வேண்டும் என்று நைட் டூட்டி சிஸ்டருக்கு எப்படித் தெரியும்? உதடு நீலமாவதற்காகக் காத்திருந்தால் காலம் கடந்துவிடும். அந்த அளவு 90 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் உடனே ஆக்ஸிஜன் வைக்க வேண்டும், அவ்வளவுதான் விதி.

இது எவ்வளவு பெரிய வித்தியாசம் செய்யும் என்பதற்கு பப்புவா நியூ கினியாவின் அனுபவம் இருக்கிறது. அங்கே 5 மருத்துவமனைகளில் கான்சன்ட்ரேட்டரும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரும் கொடுத்து, அவற்றைப் பயன்படுத்தப் பயிற்சியும் கொடுத்தார்கள். நிமோனியாவோடு சேர்த்த குழந்தைகளில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 5 பேர் இறந்துகொண்டிருந்தது 3.2 ஆகக் குறைந்தது. 2008-ல் வெளிவந்த முடிவு இது.

நீங்கள் இழந்த அந்த இரண்டு குழந்தைகளின் கேஸ் ஷீட்டையும் எடுத்து வையுங்கள். வாசலில் நுழைந்த நேரம், ஆக்ஸிஜன் அளவு முதலில் பார்த்த நேரம், ஆக்ஸிஜன் வைத்த நேரம், முதல் டோஸ் ஆன்டிபயாடிக் போட்ட நேரம். இந்த நாலும் அதில் இருக்கிறதா? இல்லை என்றால், நாளைக்கே அட்மிஷன் பக்கத்தில் நாலு கட்டம் போட்டு, தேதியோடு மணியையும் எழுதச் சொல்லுங்கள். உங்கள் மருத்துவமனையின் தரத்தை அளக்கும் வேலை அங்கேதான் தொடங்கும். அதற்குக் கணினி தேவையில்லை. ஓடுகிற ஒரு சுவர்க் கடிகாரம் இருந்தால் போதும். அது எல்லா வார்டிலும் ஓடுகிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஏழைகளுக்கு மருத்துவமனை கிடைப்பதே பெரிய விஷயம். முதலில் எல்லோருக்கும் சிகிச்சை கிடைக்கட்டும், தரத்தைப் பிறகு பார்க்கலாம் என்கிறார் எங்கள் அதிகாரி. சரிதானே?

பதில்: இல்லை. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைப் பற்றி 2018-ல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' என்ற மருத்துவ இதழின் ஆணையம் ஒரு கணக்குக் கொடுத்தது. சிகிச்சையால் தடுத்திருக்கக்கூடிய சாவு ஆண்டுக்கு 86 லட்சம். அதில் சுமார் 36 லட்சம் பேர் மருத்துவ சேவையைப் பயன்படுத்தாதவர்கள். சுமார் 50 லட்சம் பேருக்குச் சிகிச்சை கிடைத்தது, அது தரமாக இல்லாததால்தான் போனார்கள். கடன் வாங்கி, வண்டி பிடித்து வாசல் வரைக்கும் வந்தவர்கள் இவர்கள். இவர்களிடம் "பிறகு பார்க்கலாம்" என்று எப்படிச் சொல்வது?

கேள்வி: சிஸ்டர், பக்கத்து மருத்துவமனையைவிட எங்கள் லேபர் வார்டில் இறப்பு விகிதம் அதிகம் என்று கூட்டத்தில் எழுப்பி நிற்கவைத்துக் கேட்கிறார்கள். அவர்களோ கஷ்டமான கேஸை எல்லாம் எங்களுக்குத்தான் ரெஃபர் செய்கிறார்கள். இதை எப்படி எடுத்துச் சொல்வது?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, தங்கச்சி. யார் யார் வாசலில் வந்து சேருகிறார்கள் என்று பார்க்காமல் இறப்பு விகிதத்தை மட்டும் வைத்து இரண்டு மருத்துவமனைகளை ஒப்பிடக் கூடாது. அப்படி ஒப்பிட ஆரம்பித்தால், உயிர் ஊசலாடும் நோயாளியை வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுகிற இடம்தான் நல்ல மருத்துவமனை என்று பெயர் வாங்கும். 'சொந்த விருப்பத்தில் அழைத்துச் சென்றார்கள்' என்று கையெழுத்து வாங்கி அனுப்பியவர்கள் எந்தக் கணக்கிலும் வர மாட்டார்கள். அதனால் இறப்போடு சேர்த்து, வெளியே ரெஃபர் ஆனவர்களையும், சொல்லாமல் போனவர்களையும் ஒரே தாளில் எழுதச் சொல்லி அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். இரண்டு மருத்துவமனைக்கும் சேர்த்தே கேளுங்கள்.

நியாயமான ஒப்பீடு எப்படி இருக்கும் என்பதற்கு வியன்னா பொது மருத்துவமனையைத்தான் நான் எப்போதும் சொல்வேன். 1840-களில் அங்கே இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. ஒன்று மருத்துவ மாணவர்களுக்கு, இன்னொன்று மருத்துவச்சிகளுக்கு. முதல் வார்டில் நூற்றுக்குச் சுமார் 10 தாய்மார்கள் இறந்தார்கள், இரண்டாவதில் 4-க்கும் கீழே. அங்கே 'எங்களுக்குக் கஷ்டமான கேஸ் வருகிறது' என்று யாரும் சொல்ல முடியவில்லை. எந்த வார்டில் சேர்ப்பது என்பதை அன்றைய கிழமைதான் தீர்மானித்தது, நாள் மாற்றி நாள். ஒரே மாதிரித் தாய்மார்கள், ஒரே கட்டடம் என்பதால்தான் வித்தியாசம் வார்டுக்குள்ளேயே இருக்கிறது என்று அங்கே வேலை பார்த்த செம்மல்வைஸ் என்ற மருத்துவரால் தேடிப் போக முடிந்தது. பிரேதப் பரிசோதனை செய்த கையோடு மாணவர்கள் லேபர் வார்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். 1847-ல் குளோரின் கலந்த நீரில் கை கழுவச் சொன்னார். அடுத்த ஆண்டில் முதல் வார்டின் இறப்பு நூற்றுக்கு 2-க்கும் கீழே இறங்கியது.

உங்கள் வார்டைப் பொறுத்தவரை இன்னும் பொருத்தமான அளவு ஒன்று இருக்கிறது. சேரும்போது குழந்தையின் இதயத் துடிப்பு கேட்டது, எடை இரண்டரைக் கிலோவும் அதற்கு மேலும். அப்படி இருந்தும் பிரசவ நேரத்திலோ பிறந்த முதல் 24 மணி நேரத்திலோ எத்தனை குழந்தைகள் இறந்தன? ரெஃபர் ஆகி வந்தவர்களானாலும் உங்கள் வாசலில் நுழையும்போது குழந்தை உயிரோடு இருந்திருக்கிறது, எடைக் குறைவும் இல்லை. அப்புறம் நடந்ததற்கு வார்டில்தான் காரணம் தேட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அவசரப் பிரசவ சிகிச்சைக் கையேட்டில் இதுவும் ஓர் அளவீடு. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. சேரும்போதே துடிப்பைக் கேட்டு நேரத்தோடு எழுதியிருக்க வேண்டும். 'துடிப்பு இல்லை' என்று பின்னால் எழுதிச் சேர்க்கும் பழக்கம் இருக்கிற இடத்தில் இந்த அளவு ஒன்றுக்கும் உதவாது.

இன்னொன்று. பக்கத்து மருத்துவமனையில் சிசேரியனில் சாவே இல்லை என்று பெருமையாகச் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எத்தனை சிசேரியன் செய்தார்கள் என்று கேளுங்கள். 100 செய்து ஒரு சாவும் இல்லை என்றால், உண்மையான விகிதம் 3 சதவீதம் வரைக்கும் இருக்கக்கூடும். மூன்றை அந்த எண்ணிக்கையால் வகுத்தால் மேல் எல்லை கிடைக்கும் என்று புள்ளியியலில் ஒரு எளிய விதி இருக்கிறது. சின்ன மருத்துவமனையில் ஒரு மாதத்துப் பூஜ்யம் எதையும் நிரூபிப்பதில்லை. ஒரு மாதத்து இரண்டு சாவும் அப்படித்தான்.

கேள்வி: நான் ரெக்கார்டு ரூமில் கிளார்க். ரெஜிஸ்டரில் இருப்பதைக் கூட்டித்தான் மாத அறிக்கை அனுப்புகிறேன். அதில் எழுதியிருப்பது உண்மைதானா என்று எனக்குச் சில நேரம் சந்தேகம் வருகிறது. எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: இந்தக் கடிதம் வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ரெக்கார்டு ரூமில் இருந்து இப்படி ஒரு கேள்வி வருவது அபூர்வம்.

கடைசி இலக்கத்தைப் பாருங்கள் தம்பி. பாதரச பி.பி. கருவியில் கோடுகள் இரண்டு இரண்டாக இருக்கும். நிஜமாகப் பார்த்து எழுதினால் கடைசி இலக்கம் 0, 2, 4, 6, 8 என்று ஏறக்குறைய சமமாகப் பரவியிருக்கும். ஐந்தில் ஒன்றுதான் பூஜ்யத்தில் முடியும். ஒரு பக்கம் முழுக்க 120/80, 110/70, 130/80 என்றே இருந்தால் அங்கே தோராயம் நடக்கிறது. மூச்சு எண்ணிக்கை இன்னும் வெட்டவெளிச்சம். 20, 22, 20, 20, 24 என்று ஒரு வார்டு முழுவதும் மூச்சு விடாது. குழந்தைக்கு முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40, அதற்குச் சமமோ மேலோ போனால் வேகமான மூச்சு. 48-க்கும் 52-க்கும் நடுவே சிகிச்சையே மாறிவிடும். அங்கே 'சுமார் 40' என்று எழுதினால் நிமோனியாவைத் தவறவிட்டுவிடுவோம்.

அடுத்து பேனாவைப் பாருங்கள். இரவு 10, 2, காலை 6 மூன்று வேளையும் ஒரே மையில், ஒரே அழுத்தத்தில், ஒரு சாய்வில் வரிசையாக இருந்தால், காலை டூட்டி மாறுவதற்கு முன் உட்கார்ந்து எழுதியது அது.

ஆனால் இதைக் கண்டுபிடித்தவுடன் அந்த சிஸ்டர் மேல் புகார் எழுதிவிடாதீர்கள். உட்கார்ந்து ஒரு கணக்குப் போடுங்கள். 40 நோயாளிகள், ஒருவருக்கு டெம்பரேச்சர், பல்ஸ், மூச்சு, பி.பி. எல்லாம் பார்த்து எழுத 5 நிமிடம். ஒரு சுற்றுக்கு 200 நிமிடம், அதாவது 3 மணி 20 நிமிடம். நாலு மணிக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லி உத்தரவு. இடையில் ஊசி, டிரிப், புது அட்மிஷன். செய்யவே முடியாத வேலையைக் கேட்டால், பார்க்காமல் எழுதப்பட்ட எண்தான் கிடைக்கும். நான் பொறுப்பில் இருந்தபோது செய்தது இதுதான்: நிலைமை மோசமானவர்களை நர்ஸ் மேஜைக்கு எதிரே உள்ள கட்டில்களுக்கு மாற்றிவிட்டு, அவர்களுக்கு மட்டும் நாலு மணிக்கு ஒருமுறை, மற்றவர்களுக்கு ஷிஃப்டுக்கு ஒருமுறை. உத்தரவு போட்டவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் எழுதியது உண்மையாக இருந்தது.

கென்யாவில் 2013-லிருந்து பல மாவட்ட மருத்துவமனைகளின் குழந்தைகள் வார்டுகளைச் சேர்த்து ஒரு தகவல் வலைப்பின்னல் நடத்துகிறார்கள். அங்கே முதலில் அட்மிஷன் தாளையே மாற்றியமைத்தார்கள். வெற்றுத் தாளில் மருத்துவர் தோன்றியதை எழுதுவதற்குப் பதில், மூச்சு எண்ணிக்கை, ஆக்ஸிஜன் அளவு, எடை என்று ஒவ்வொன்றுக்கும் கட்டம். கட்டம் காலியாக இருந்தால் காலியாக இருப்பது கண்ணுக்குத் தெரியும். கூட்டிய கணக்கை மேலே அனுப்புவதோடு நிறுத்தாமல் அதே வார்டுக்குத் திருப்பியும் அனுப்பினார்கள். உங்கள் கையில் இருக்கிற அதிகாரமும் இதுதான். மாத அறிக்கையின் ஒரு பிரதியை வார்டு சிஸ்டரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். இத்தனை வருஷம் எழுதிக் கொடுத்தவர்கள் அந்தக் கூட்டலை ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: ஆபரேஷன் தியேட்டர் (ஓ.டி.) டெக்னீஷியன் நான். அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில் எங்களுக்கு 100 சதவீதம். ஆனால் டிக் எல்லாம் ஆபரேஷன் முடிந்த பிறகு போடுவது. இதனால் பயன் உண்டா?

பதில்: அப்படிப் போடும் டிக்கால் பயன் இல்லை. பட்டியலால் உண்டு. 2009-ல் வந்த ஆய்வில் டெல்லி, மணிலா, அம்மான், தான்சானியாவின் இஃபாகரா, லண்டன், டொராண்டோ உள்பட 8 நகரங்களின் மருத்துவமனைகளில் இந்தப் பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆனது. சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆனது. பிறகு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் எல்லோருக்கும் கட்டாயமாக்கினார்கள். 101 மருத்துவமனைகளில் முன்னும் பின்னும் பார்த்து 2014-ல் வெளியிட்டபோது சொல்லிக்கொள்ளும்படி இறப்பு குறைந்திருக்கவில்லை. தாள் அதேதான். ஆனால் ஒரு நிமிடம் எல்லோரும் கையை நிறுத்தி, நோயாளியின் பெயரையும் ஆபரேஷனையும் வாய்விட்டுச் சொல்லி, ஆன்டிபயாடிக் போன ஒரு மணி நேரத்துக்குள் போட்டாயிற்றா என்று கேட்பது ஒரு வேலை. தாளை நிரப்புவது வேறு வேலை.

இதைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது உத்தரப் பிரதேசத்தில் நடந்தது. 120 மருத்துவ நிலையங்கள், பாதியில் பிரசவப் பாதுகாப்புப் பட்டியலும், பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர்களும். பழக்கவழக்கங்கள் நிஜமாகவே மாறின. இரண்டு மாதத்தில், செய்ய வேண்டியவற்றில் செய்தது 73 சதவீதம்; பட்டியல் இல்லாத இடங்களில் 42. இது நேரில் நின்று பார்த்து எடுத்த கணக்கு. ஆனால் தாய், சேய் இறப்பும் கடும் சிக்கல்களும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான், 15.1 சதவீதமும் 15.3 சதவீதமும். 2017-ல் இது வெளியானபோது பலர் சோர்ந்துபோனார்கள். எனக்கு அது நேர்மையான அளவீடாகப் பட்டது. கை கழுவினார்களா என்று எண்ணியதோடு நிறுத்தியிருந்தால் வெற்றி என்று அறிவித்துவிட்டுப் போயிருக்கலாம். விளைவையும் அளந்ததால்தான், சாதாரணப் பிரசவத்தில் செய்யும் நல்ல பழக்கங்கள் மட்டும் போதாது என்று தெரிந்தது. மூச்சுவிடாத குழந்தையை எழுப்பத் தெரிந்த கை வேண்டும், நள்ளிரவில் சிசேரியன் செய்ய இடம் வேண்டும், ரத்தம் வேண்டும் என்பது என் கருத்து.

உங்கள் தியேட்டரில், டிக்கை விட்டுவிட்டு, ஒரு வாரம் ஆன்டிபயாடிக் போட்ட நேரத்தையும் கத்தி வைத்த நேரத்தையும் மட்டும் குறித்து வையுங்கள். அதைப் பார்த்தபின் 100 சதவீதம் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

கேள்வி: கை கழுவுகிறார்களா என்று பார்க்க ஆள் போட்டோம். அவர் நிற்கும்போது மட்டும் எல்லோரும் கழுவுகிறார்கள்!

பதில்: எல்லா ஊரிலும் நடப்பதுதான். ஸ்டோரில் சானிடைசர் செலவைப் பாருங்கள். 1,000 நோயாளி-நாளுக்கு (ஒருவர் ஒரு நாள் தங்கினால் ஒரு நோயாளி-நாள்) 20 லிட்டராவது செலவாக வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. 30 கட்டிலும் நிரம்பியிருந்தால் மாதத்துக்கு 900 நோயாளி-நாள், அதாவது 18 லிட்டர். ஸ்டோரில் பொருள் கேட்டு எழுதும் உங்கள் இன்டென்டில் 3 லிட்டர் என்று இருந்தால், ஆள் நிறுத்திப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

கேள்வி: அம்மா, நான் மருத்துவத்துறை இல்லை. என் மனைவி பிரசவத்துக்கு இருந்தபோது, டிஸ்சார்ஜ் அன்று "திருப்தியா?" என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். ஆம் என்று போட்டோம். உள்ளே அவளைத் திட்டினார்கள் என்று வீட்டுக்கு வந்தபிறகுதான் சொன்னாள். நோயாளி சொல்வதை இவர்கள் எப்படி அளக்கிறார்கள்?

பதில்: அப்படி அளக்கக் கூடாது தம்பி. கையில் குழந்தை, வெளியே வண்டி, எதிரே அதே ஊழியர்கள். யார் 'இல்லை' என்று எழுதுவார்கள்? மனைவியிடம் சொல்லுங்கள், அவருக்கு நடந்தது அவர் ஒருவருக்கு மட்டும் நடந்தது இல்லை. கானா, கினியா, மியான்மர், நைஜீரியா நாடுகளில் நடத்திய ஆய்வு 2019-ல் வந்தது. பிரசவத்துக்கு வந்த பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அடியோ, திட்டோ, பாகுபாடோ அனுபவித்திருந்தார்கள். இது தெரிந்தது, வார்டில் ஆள் உட்கார்ந்து பார்த்ததாலும், வீடு திரும்பிச் சில வாரம் கழித்து மருத்துவமனையைச் சேராதவர்கள் போய்க் கேட்டதாலும். 'திருப்தியா' என்று கேட்கவில்லை. உங்களை யாராவது அடித்தார்களா, கத்தினார்களா, பரிசோதனைக்கு முன் சம்மதம் கேட்டார்களா, திரை போட்டார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். நடந்ததைக் கேட்டால் மக்கள் சரியாகச் சொல்வார்கள். 'திருப்தி' என்று கேட்டால் மரியாதைக்கு ஆம் என்பார்கள்.

கேள்வி: சிஸ்டர், எங்கள் கண்காணிப்பாளர் நல்லவர். தாய் இறப்பு ஒவ்வொன்றையும் உட்கார்ந்து அலச வேண்டும் என்கிறார். ஆனால் கூட்டம் என்றாலே எல்லோரும் வாய் திறப்பதில்லை. கேஸ் ஷீட்டில் பக்கம் காணாமல் போகிறது. என்ன செய்வது?

பதில்: முதல் கூட்டத்தின் முதல் ஐந்து நிமிடத்தில் அவர் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும்: இங்கே பேசியதை வைத்து யாருக்கும் மெமோ வராது. சொன்னால் மட்டும் போதாது, வராமலும் இருக்க வேண்டும். இங்கிலாந்தில் 1952-லிருந்தும் தென்னாப்பிரிக்காவில் 1990-களின் இறுதியிலிருந்தும் தாய் இறப்புகளை ரகசியம் காத்து அலசுகிறார்கள். பெயர் இல்லை, பழி இல்லை என்பதுதான் அடிப்படை. எண்ணை வைத்து ஒருமுறை தண்டித்துவிட்டால், அடுத்த எண் பொய்யாகத்தான் வரும். ஒரு மெமோவுக்குப் பிறகு ஒரு வார்டு முழுவதும் 'வரும்போதே மோசமான நிலை' என்று எழுத ஆரம்பித்ததை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அங்கே எதையும் கற்றுக்கொள்ள முடியவில்லை.

நான் உட்கார்ந்த ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கில் போன ஒரு தாய். டூட்டி நர்ஸ் சின்னப் பெண், அழுதுகொண்டே இருந்தாள். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள், கருப்பையைச் சுருங்கவைத்து ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்ஸிடோசின் ஊசியைப் போட்டிருந்தாள், நேரமும் எழுதியிருந்தாள். கருப்பை சுருங்கவில்லை. மறுபடி போட்டாள், அப்போதும் இல்லை. யார் தவறு என்று பேச்சு அவள் பக்கம் திரும்பியபோது, ஒரு வயதான ஆயாம்மா கதவருகே நின்று, "அந்த ஃப்ரிட்ஜ் ராத்திரியில ஓடாதே" என்றார். போய்ப் பார்த்தோம். லேபர் ரூமில் இருந்தது ஒரே ஒரு ப்ளக் பாயின்ட். சக்‌ஷன் மெஷின் வேண்டும்போது ஃப்ரிட்ஜைப் பிடுங்கிவிட்டு அதைச் சொருகுவார்கள். அவசரம் முடிந்தால் திருப்பிச் சொருக யாருக்கும் நினைவு இருக்காது. ஆக்ஸிடோசின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. சூட்டில் கிடந்தால் வீரியம் குறைந்துகொண்டே போகும். ஃப்ரிட்ஜ் கதவில் தொங்கிய தாளில் தினம் இரண்டு வேளையும் '4 டிகிரி' என்று இருந்தது. உள்ளே தெர்மாமீட்டரே இல்லை.

அந்தத் தாய்க்கு மருந்துதான் காரணமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ரத்தம் வரவும் தாமதமாகியிருந்தது. ஆனால் அந்த வாரமே இரண்டாவது ப்ளக் பாயின்ட் வந்தது, தெர்மாமீட்டர் வந்தது. ஆயாம்மாவுக்கு வாய் திறக்கப் பயமில்லாத கூட்டமாக அது இருந்ததால் வந்தது. ஆகவே, உங்கள் கூட்டத்துக்கு டாக்டர்களையும் நர்ஸ்களையும் மட்டும் கூப்பிடாதீர்கள். ஆயா, வார்டு பாய், ஆம்புலன்ஸ் டிரைவர், லேப் டெக்னீஷியன் எல்லோரையும் கூப்பிடுங்கள். 'ஏன் செய்யவில்லை' என்று கேட்காமல், 'அப்புறம் என்ன நடந்தது, அப்போது மணி என்ன' என்று மட்டும் கேட்டுக்கொண்டே போங்கள்.

இறப்பிலிருந்து ஆரம்பிக்கத் தயக்கமாக இருந்தால், சாவின் விளிம்பு வரைக்கும் போய்ப் பிழைத்த தாய்மார்களிலிருந்து ஆரம்பியுங்கள். சின்ன மருத்துவமனையில் இறப்பு வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ. மயிரிழையில் தப்பியவர்கள் அதைவிட நிறைய. பிழைத்த கதை என்றால் மக்கள் மனம்விட்டுப் பேசுவார்கள், அந்தத் தாயிடமே கேட்கவும் முடியும்.

கேள்வி: எத்தனை அளவீடு வைத்துக்கொள்ளலாம்? எங்களுக்கு 64 குறியீடுகள் கொண்ட படிவம் வந்திருக்கிறது.

பதில்: படிவத்தை நிரப்பித்தான் ஆக வேண்டும், நிரப்புங்கள். உங்களுக்கென்று மூன்று போதும். வாசலிலிருந்து முதல் சிகிச்சை வரைக்கும் எத்தனை நிமிடம் என்பது ஒன்று. உங்கள் வார்டில் அடிக்கடி வருகிற நோய்க்குச் செய்தே ஆக வேண்டிய ஒரு காரியம், அது எத்தனை பேருக்கு நடந்தது என்பது இன்னொன்று. மூன்றாவது ஒரு விளைவு. வாரம் பத்து கேஸ் ஷீட் எடுத்தால் போதும், ஆனால் நல்லதாகப் பார்த்துப் பொறுக்காமல், வரிசையில் ஐந்துக்கு ஒன்று என்று எடுங்கள். இரவு அட்மிஷனும் ஞாயிற்றுக்கிழமை அட்மிஷனும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும்.

வாரத்துக்கு ஒரு புள்ளி என்று கிராஃப் தாளில் வையுங்கள். பத்துப் பன்னிரண்டு வாரம் ஆனதும் நடு எண்ணில் ஒரு கோடு இழுங்கள். ஒரு புள்ளி ஏறினாலோ இறங்கினாலோ பதற வேண்டாம். தொடர்ந்து 6 புள்ளி கோட்டுக்கு ஒரே பக்கம் விழுந்தால் ஏதோ உண்மையிலேயே மாறியிருக்கிறது. என்ன மாறியது என்று அன்றைக்கே வார்டில் கேளுங்கள். தாளைக் கண்காணிப்பாளர் அறையில் மாட்டாதீர்கள். டூட்டி மாறும்போது சாவி ஒப்படைக்கும் மேஜைக்கு மேலே ஒட்டுங்கள், பக்கத்தில் நூல் கட்டிய ஒரு பென்சிலும்.